நாலாம் நாள் எலுமிச்சம்பழமும் ஒரு குண்டுவீச்சு விமானமும்

கன்டினியூட்டி பார்க்கிறவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பாராட்டு, அவளைப் பற்றி யாருமே பேசாமல் இருப்பதுதான். போன ஷாட்டில் நாயகி இடது கையில் டம்ளர் வைத்திருந்தால் இந்த ஷாட்டிலும் அது இடது கையில் இருக்க வேண்டும். இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வலது கைக்கு மாறிவிட்டால் ஊரே கவனிக்கும். சீரியல் யூனிட்டில் வேலை பார்த்து வயிறெரிந்த சக ஜீவன்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எட்டு வருஷம் மாமியார் மருமகள் தொடர்களில் உதவியாளராக இருந்து ஸ்கேல் வைத்துப் பொட்டு அளந்தவள் நான். டைட்டிலில் என் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. அப்படியிருக்கும்போது ஒரு சேனல் இரண்டாம் உலகப் போர்த் தொடர் ஒன்றை எடுக்க முடிவு செய்தது. பர்மா பக்கம் குண்டு போடப் போகும் ஒரு விமானம். உள்ளே ஆறு வெள்ளைக்காரர்கள், ஒரு தென்னார்க்காட்டுத் தமிழன். படப்பிடிப்பு எங்கள் கடலூர் சிப்காட்டில் பூட்டிக் கிடந்த ஒரு ஷெட்டில். உள்ளூர்க்காரி என்பதால் எனக்குத் தனிப் பொறுப்பு கிடைத்தது. ‘கன்டினியூட்டி: ஜெசிந்தா’ என்று டைட்டிலில் தனி வரியே போடுவதாகச் சொன்னார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. முதல் எபிசோடைப் பார்க்கச் சென்னையிலிருந்து சேனல் மேடம் வருவார். நிஜம் மாதிரி இல்லையென்றால் அந்த நேரத்தை இன்னொரு மாமியாருக்குக் கொடுத்துவிடுவார்கள். நானும் பொட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இயக்குநர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை “நெஜமா இருக்கணும்” என்பார். அதனால் அவர் இல்லாதபோது அவருக்கு ‘நெஜம் சார்’ என்று பெயர்.

மகளிர் இருக்கை

விமானத்தைச் செய்தவர் பண்ருட்டி ரோட்டில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். படத்தைக் காட்டி, “இதே மாதிரி நாற்பதடி நீளத்துக்கு வேணும்” என்றோம். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எத்தினி சீட்டு?” ஏழு என்றோம். பதினெட்டே நாளில் தகரமும் ரிவெட்டுமாக ஒரு விமானம் ஷெட்டுக்குள் நின்றது. வெளியிலிருந்து பார்த்த நெஜம் சார் அதைத் தடவிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

பிறகு உள்ளே ஏறினோம். தலைக்கு மேலே வரிசையாகப் பிடித்து நிற்கக் கம்பி. ஜன்னலுக்கெல்லாம் மழைக்கு இறக்கிவிடும் ஷட்டர். பைலட் சீட்டுக்குப் பின்னால் அழகான எழுத்தில் ‘ஓட்டுநரிடம் பேச்சு கொடுக்காதீர்’. வாலில் துப்பாக்கிக்காரன் உட்காரும் இடத்தில் ‘மகளிர்’. சுரண்டி எடுக்கச் சொன்னோம். எல்லாம் போயிற்று, ‘ம’ மட்டும் போகவில்லை. அந்தத் தொடர் முழுக்க, துப்பாக்கிக்காரன் தலை அந்த ‘ம’வை மறைக்கிறதா என்று பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. பட்டறைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்:

“அதெல்லாம் இருக்கட்டும் சார், ரிவர்ஸ் ஹாரன் வேணுமா வேணாமா? ஒயரு இழுத்தாச்சு!”

அரைமண்டி

விமானிகள் போடுகிற ஒரே துண்டு உடுப்பைச் சென்னைக் கடை ஒன்று தைத்து அனுப்பியது. வாலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கிக்காரன் குந்தி நுழைந்த முதல் தடவையே அது பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. மாற்று வழி என்ன என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த நல்ல டெய்லர் சிதம்பரத்தில் ஒருவர்தான், அவர் தைப்பது முழுக்கப் பரதநாட்டிய உடுப்பு. பரவாயில்லை, துணி துணிதானே என்று ஏழு நடிகர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் வெள்ளைக்காரரிடம், “அரைமண்டில நில்லுங்க” என்றார். கடைக்குள் இடமில்லாததால் வாசலிலேயே அளவெடுப்பு. ஆறு வெள்ளைக்காரர்களும் ஒரு தமிழனும் முட்டியை அகட்டி வரிசையாக நிற்க, தேர் வீதியில் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். நாட்டிய விழாவுக்கு வந்தவர்கள் என்று நினைத்து ஒரு அம்மா பூ வேறு கொடுத்தார். ஒரு வாரத்தில் உடுப்பு வந்தது. காக்கி நிறம் சரி, பை சரி, ஜிப் சரி. இரண்டு காலுக்கும் நடுவே மட்டும் மடிப்பு மடிப்பாக ஒரு விசிறி! நான் போனில் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

“ஒக்காந்து எழுந்தா கிழியக் கூடாதுன்னுதானம்மா கேட்டீங்க? இதப் போட்டுக்கிட்டு ஆனந்தத் தாண்டவமே ஆடலாம்!”

ஆறு மணி

விசிறியை உள்பக்கமாக மடித்துத் தைத்துச் சமாளித்தோம். அடுத்த தலைவலி வசனத்தில் வந்தது. நெஜம் சார் ஆலோசனைக்கு ஒருவரை அமர்த்தியிருந்தார்: காடாம்புலியூர் சேகர். விமானப்படையில் இருபது வருஷம் டெக்னீஷியனாக இருந்து, நாற்பது வயதிலேயே ஓய்வு பெற்று, இப்போது முந்திரிக்கொட்டை உடைக்கிற யூனிட் வைத்திருப்பவர். தினமும் ஒரு பொட்டலம் முந்திரியோடு வருவார். மூலையில் உட்கார்ந்து அதைக் கொறித்துக்கொண்டே தப்பு கண்டுபிடிப்பார். அவர் சொன்ன முதல் பாடம், விமானத்துக்குள்ளே யாரும் கத்த மாட்டார்கள், பயந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்கள் என்பது. சீரியல் நடிகர்களுக்கு இது ஒத்துவருமா? நம் ஆட்களுக்கு அதிர்ச்சி என்றால் மூன்று தடவை தலையைத் திருப்ப வேண்டும், பின்னால் இடி இடிக்க வேண்டும்.

கதாநாயகன் குமரன் சிதம்பரத்துக்காரர். துப்பாக்கிக்காரர் ஆறுமுகமாக நடித்தார். நல்ல நடிகர், சொன்னதைச் செய்வார். இங்கிலீஷ் வசனத்தை யாரோ சென்னையில் தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். பைலட் ஹெட்போனில் சொல்கிறார்: “எதிரி விமானம், ஆறு மணிக்கு!” குமரன் கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்த்தார். முகத்தில் ஒரு சாந்தம். வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நெஜம் சார் கட் சொல்லக்கூட மறந்துபோனார். சேகர்தான் எழுந்து வந்து, விமானத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ள வேண்டும், மூக்கு பன்னிரண்டு, வால் ஆறு, எதிரி சரியாக உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறான் என்று விளக்கினார். குமரன் முகம் தொங்கிப்போயிற்று.

“அய்யோ, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கேன்னு நான் நெஜமாவே நிம்மதியானேனே சார்!”

வஞ்சிரம்

கத்திரி வெயில். தகர ஷெட். தகர விமானம். உள்ளே ஏழு பேர் கம்பளி வைத்த தோல் ஜாக்கெட்டில். கதைப்படி வெளியே பனி உறைகிற குளிர். மேக்கப்காரர் புருவத்தில் பொடியுப்பைத் தூவி பனி காட்டினார். வேர்வையில் உப்பு கரைந்து கண்ணில் இறங்கியது. குண்டு போடப் போகிற ஏழு பேரும் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதார்கள்.

நெஜம் சாருக்கு மூச்சில் புகை வர வேண்டும். உடனே புரொடக்ஷன் மேனேஜர் முதுநகர்த் துறைமுகத்துக்கு போன் போட்டு ஒரு லோடு ஐஸ் பார் இறக்கினார். விமானத்தின் வயிறு நிறைய அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தோம். புகை வரவில்லை. மீன் நாற்றம் வந்தது. கூடவே பூனைகளும் வந்தன, மொத்தம் ஐந்து. அதில் ஒன்று நேராகப் போய் பைலட் சீட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. சக ஜீவன்களே, முந்தின ஷாட்டில் பூனை இல்லை! என் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐஸ்காரரைப் பிடித்து உலுக்கினோம். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இன்னா மேடம் இப்பிடிப் பேசுறீங்க? ஷூட்டிங்காச்சேன்னு மத்தி மேல போட்டத விட்டுட்டு வஞ்சிரம் மேல போட்ட ஐஸா பாத்து ஏத்தியாந்தேன்!”

லூயியின் பட்டன்

வெள்ளைக்காரர்கள் ஆறு பேரும் புதுச்சேரிப் பக்கம் குடியிருப்பவர்கள். குண்டு போடுகிற வேஷம் லூயிக்கு. ஊரில் பிரெஞ்சுக்காரர், இங்கே யோகா வாத்தியார். தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். அவர் படுத்தபடி கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துப் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் காட்சி. லூயி படுத்தார். பார்த்தார். “நான் அழுத்த மாட்டேன் சார். எறும்பக்கூட மிதிச்சதில்ல” என்றார். அது வெறும் காலிங் பெல் பட்டன், எதோடும் இணைக்கவில்லை என்று நானே ஒயரைத் தூக்கிக் காட்டினேன். “தெரியும் மேடம். ஆனா என் வெரலுக்குத் தெரியாது” என்றார்.

அரை நாள் கெஞ்சினோம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். விரலைப் பட்டன்வரை கொண்டுபோய் இரண்டு தடவை பின்னுக்கு இழுத்தார். அழுத்தினார். நெஜம் சார் நாற்காலியிலிருந்து குதித்துவிட்டார், அவ்வளவு நிஜம். சேகர்கூட முந்திரியை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சிரித்துக்கொண்டிருந்த நான்கூட அந்த ஒரு நொடி சிரிக்கவில்லை. லூயி வெளியே இறங்கி வந்து, வெளுத்த முகத்தோடு, “கீழ யாராவது இருந்தாங்களா?” என்று கேட்டார். விமானத்து வயிற்றுக்குக் கீழேயிருந்து எங்கள் லைட்மேன் அண்ணன் ஏப்பம் விட்டபடி எழுந்து வந்தார்.

“நான்தான் சாமி இருந்தேன். தயிர் சாதம் முடிஞ்சிச்சி, இப்ப போட்டுக்கங்க.”

நாலாம் நாள் எலுமிச்சம்பழம்

இனி என் தப்பு. மறைத்து என்ன பயன், சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் பூஜை போட்டோம். புது வண்டி வந்தால் என்ன செய்வோமோ அதையெல்லாம் செய்தோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், திருஷ்டிப் பூசணிக்காய், மூக்கு நுனியில் பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு. யார் கட்டியது என்று கேட்காதீர்கள். யார் கட்டினாலும் அவிழ்க்க வேண்டியவள் நான். இரண்டு நாள் படம் பிடித்த பிறகு மானிட்டரில் போட்டுப் பார்த்தால், கம்பீரமாக நிற்கிறது ஆங்கிலேயக் குண்டுவீச்சு விமானம், மூக்கில் எலுமிச்சம்பழம் ஆடுகிறது! என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. பிறந்ததிலிருந்து எல்லா வண்டியிலும் அதைப் பார்த்துவிட்டு எப்படித் தெரியும்? டைட்டிலில் என் பெயர் அழிவது கண்முன்னே ஓடியது. நெஜம் சார் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஜெசிந்தா, பெட்டியக் கட்டுங்க” என்றார். நான் உண்மையிலேயே அழுதுவிட்டேன், உப்பில்லாமல்.

காப்பாற்றியவர் சேகர்தான். பறக்கிறவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ராசிக்கென்று ஏதாவது ஒன்று வைத்திருப்பார்கள், ஒருவன் சாக்ஸ் மாற்ற மாட்டான், ஒருவன் பொம்மை வைத்திருப்பான், இந்த விமானத்தில் ஒரு தமிழன் இருந்தால் எலுமிச்சம்பழம் தொங்காமல் இருந்தால்தான் பொய் என்றார். இயக்குநர் யோசித்தார். ஆறுமுகம் கட்டியதாக உடனே ஒரு காட்சி எழுதினார். என் வேலை பிழைத்தது.

ஆனால் பாருங்கள், பழம் கதைக்குள் வந்துவிட்டால் அது என் பொறுப்பு! கதையில் ஏழு நாள். ஒவ்வொரு நாளும் பழம் வாடும், மிளகாய் சுருங்கும். நாமோ வரிசையாக எடுப்பதில்லை, காலையில் ஆறாம் நாள், மத்தியானம் இரண்டாம் நாள். அதனால் ஏழு டப்பாவில் ஏழு வாட்டத்தில் எலுமிச்சம்பழம், மேலே சீட்டு ஒட்டி, யூனிட் பிரிட்ஜில் வைத்தேன். ஒரு நாள் போய்ப் பார்த்தால் நாலாம் நாள் டப்பா காலி. அன்றைக்கு எடுக்க வேண்டியதோ நாலாம் நாள் காட்சி. சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார்.

“டைரக்டர் சாரு தாகமா கீதுன்னாரு மேடம், ஒண்ணே ஒண்ணுதான் புழிஞ்சேன். நல்லா இருக்குன்னு இன்னொரு கிளாஸ் கேட்டாரு, அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

வரேன்

முதல் எபிசோடுக்குக் கடைசி நாள். மறுநாள் சேனல் மேடம் வருகிறார். பாக்கி ஒரே காட்சி, கதையின் முடிவை முதலிலேயே காட்டிவிட்டுப் பின்னால் போகும் தொடர் இது. ஆறுமுகம் கடைசி தடவையாக விமானம் ஏறுகிறான், அவன் திரும்பப் போவதில்லை. ஏணியில் கால் வைத்துக்கொண்டு தரையில் நிற்கும் மெக்கானிக்கிடம் ஒரே வார்த்தை சொல்கிறான்: “போறேன்.”

குமரன் ஏறினார், திரும்பினார், “வரேன்” என்றார். கட். மறுபடி. “போய்ட்டு வரேன்.” கட். வசனம் ‘போறேன்’ என்று நான் எடுத்துக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போய், “போ... ய்ட்டு வரேன்” என்றார். பத்தாவது டேக்கில் எனக்குச் சிரிப்பு வந்தது. பதிமூன்றாவதில் யாருக்கும் வரவில்லை. ஒரு வழியாகப் பதினாலாவதில் “போறேன்” என்று சொன்னார், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார், காமிராவில் அப்படியே தெரிந்தது. லைட்மேன் அண்ணன் மேலேயிருந்து, “வேணாம்பா, அந்த வார்த்தைய ஏன் சொல்ல வைக்கிறீங்க?” என்றார். நெஜம் சாருக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் சாகப்போகிறவன், அவனுக்கே தெரியும், நிஜமாக அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று கத்தினார். பிறகு, “சேகர், நீங்க சொல்லுங்க. நெஜத்துல என்ன சொல்லுவாங்க?” என்று திரும்பினார்.

சேகர் கையிலிருந்த முந்திரிப் பொட்டலத்தை மடித்து வைத்தார். சர்வீஸில் இருந்தபோது பைலட்டுக்கு பெல்ட் மாட்டிவிட்டு ஏணியை எடுப்பது அவருடைய வேலையாம். ஒரு தடவை போன விமானம் திரும்பவில்லையாம். இத்தனை நாளில் எங்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. குரலை ஏற்றாமல் சொன்னார்: “நானு பெல்ட் மாட்டிவுட்டு எறங்குனேன் சார். அவரு வடக்கத்திக்காரரு, ‘ஆத்தா ஹூ’ன்னாரு. ‘வரேன்’னு அர்த்தம். திரும்பி வராதவரும் வரேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு.”

நெஜம் சார் என் கையிலிருந்து வசனத் தாளை வாங்கி ‘போறேன்’ என்பதை அடித்தார். குமரன் ஏணியில் கால் வைத்தார், திரும்பினார், “வரேன்” என்றார். மெதுவாக, ஏதோ கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி. பதினைந்தாவது டேக், ஓகே.

மறுநாள் சேனல் மேடம் ஷெட்டிலேயே உட்கார்ந்து முழு எபிசோடையும் பார்த்தார். பழத்தைப் பார்த்துச் சிரித்தார், லூயியின் விரலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ‘வரேன்’ வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், படம் முடிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். எழுந்து நேராகக் காரில் ஏறினார். நாங்கள் அறுபது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“மீதி எபிசோட எடுங்க, மாமியாருக்கு வேற டைம் பாத்துக்கலாம்... ஏங்க எல்லாரும் அப்பிடிப் பாக்கறீங்க? சென்னைக்குத்தானே, பத்திரமா போயிட்டு வரேன்!”

அடுத்தவர் நெற்றிப் பொட்டு முதல் நாலாம் நாள் எலுமிச்சம்பழம் வரை எதையும் மாறவிடாமல் காத்த என் பெயர் டைட்டிலில் முதல் எபிசோடில் ‘ஜெசிந்தா’ என்றும் இரண்டாவதில் ‘ஜெயசிந்தா’ என்றும் வந்ததுதான், சக ஜீவன்களே, இந்தத் தொழில் எனக்குச் செய்த மரியாதை.